பன்னிரண்டால் வகுக்காதீர்கள்: மலையில் புதிதாகக் கடை வைத்தவர்களுக்கு ஒரு புத்தாண்டுத் திட்டம்

குன்னூரில் தேயிலைத்தூள், வர்க்கி பிஸ்கட், தைலம் விற்கும் சின்னக் கடை என்னுடையது. டிசம்பர் கடைசி ஆனால் போதும், புதிதாகக் கடை போட்ட யாராவது வந்து, அடுத்த வருடத்துக்கு என்ன இலக்கு வைக்கலாம் என்று கேட்பார்கள். பெரும்பாலும் ஒரு கணக்கோடுதான் வருவார்கள். வருடத்துக்கு 24 லட்சம் விற்க வேண்டும், அப்படியென்றால் மாதம் 2 லட்சம்.

கோயம்புத்தூரில் மளிகைக் கடை வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு ஓரளவு சரியாக வரலாம். மலையில் வராது. பிப்ரவரியில் அந்த 2 லட்சத்தில் பாதிகூடத் தேறாது. மனசு விட்டுப்போய் மார்ச்சில் இலக்கையே மறந்துவிடுவார்கள். மே மாதம் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வரும், கை தாராளமாகும். ஆகஸ்ட்டில் வாடகைக்குக் கடன் கேட்டு நிற்பார்கள். என் முதல் இரண்டு வருடமும் இப்படித்தான் போயின. ஒரு மே மாதம் கல்லா நிறைந்த தைரியத்தில் தவணைக்கு ஒரு பெரிய ஃப்ரீசர் வாங்கினேன். ஜூலையில் கடைக்குள் ஈரக் குடையோடு ஒதுங்கியவர்கள்தான் வந்தார்கள், தவணை மட்டும் தேதி தவறாமல் வந்தது.

அப்போது பக்கத்துக் கடை அக்கா சொன்னதை இன்றுவரை நான் மறக்கவில்லை. "தம்பி, மே மாசம் வர்ற காசு உன் காசு இல்ல. அது ஆடி மாசத்தோட காசு. நீ சும்மா வாங்கி வைக்கிற, அவ்வளவுதான்." கீழே நான் எழுதியிருப்பதெல்லாம் இந்த ஒரு பேச்சைக் கணக்காக மாற்றியதுதான்.

முதலில் போன வருடத்தைத் தேடி எடுங்கள்

இலக்கு எழுதும் முன் போன வருடம் என்ன நடந்தது என்று தெரிய வேண்டும். ஒழுங்காகக் கணக்கு எழுதவில்லை என்றால் கவலை வேண்டாம், தடயங்கள் இருக்கும். ஜிபே, ஃபோன்பே வரவுகளை வங்கி ஸ்டேட்மெண்ட்டில் மாதவாரியாகக் கூட்டுங்கள். சரக்கு வாங்கிய பில்களை மாதவாரியாகப் பிரித்து வையுங்கள். எந்த மாதம் எவ்வளவு சரக்கு இறக்கினீர்கள் என்பதே எவ்வளவு விற்றது என்பதை ஏறக்குறையச் சொல்லிவிடும். டீக்கடை என்றால் பால் கணக்கு போதும்.

கடை தொடங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை என்றால், அதே தெருவில் வேறு சரக்கு விற்கும் ஒருவரிடம் போய்க் கேளுங்கள். "உங்களுக்கு மே மாசம் நூறு ரூபாய் வித்தா, ஜூலையில எவ்வளவு விக்கும்?" என்று விகிதத்தைக் கேட்டால் தயங்காமல் சொல்வார்கள். தொகையைக் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள், அது நியாயமும்கூட.

இந்த வேலையில் இன்னொன்றும் தெரியவரும். வீட்டுச் செலவுக்குக் கல்லாவிலிருந்து எடுத்தது எவ்வளவு என்று. அதை எழுதும்போது மனது கூசும். கூசினாலும் எழுதுங்கள்.

மலையின் மாதங்களைப் போடுங்கள்

ஒரு பெரிய தாளில் பன்னிரண்டு மாதங்களையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே மலையில் என்ன நடக்கும் என்று குறியுங்கள். குன்னூருக்கு என் தாளில் இருப்பது இது.

ஜனவரியில் பொங்கல் விடுமுறைக் கூட்டமும், ஊட்டிப் பக்கம் உறைபனி பார்க்க வருபவர்களும் உண்டு. பிப்ரவரி, மார்ச் பரீட்சைக் காலம், குடும்பமாக யாரும் வர மாட்டார்கள். ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் தொடக்கம்வரை சீசன். ஊட்டித் தாவரவியல் பூங்காவில் மலர்க் காட்சி, எங்கள் சிம்ஸ் பூங்காவில் பழக்காட்சி எல்லாம் மே மாதத்தில்தான். ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். கூடலூர், பந்தலூர் பக்கம்தான் அது கொட்டும், குன்னூரில் அந்த அளவுக்குப் பெய்யாது. ஆனால் டிவியில் 'நீலகிரியில் கனமழை' என்று ஓடினால், குன்னூருக்கு அறை போட்டவரும் சேர்ந்துதான் ரத்து செய்வார். அதனால் அந்த மழை நம் ஊரில் பெய்யாவிட்டாலும் நம் கல்லாவில் பெய்யும்.

செப்டம்பர், அக்டோபர் இரண்டாவது சீசன். ஓணத்தை ஒட்டிக் கேரளாவிலிருந்தும், தசராவுக்குக் கர்நாடகத்திலிருந்தும், ஆயுத பூஜை விடுமுறைக்கு நம் ஆட்களும் வருவார்கள். அப்புறம் வடகிழக்குப் பருவமழை. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் இதுதான் பலமான மழை. மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரியும், மரம் விழும், மலை ரயிலைப் பல நாள் நிறுத்திவிடுவார்கள். டிசம்பர் கடைசியில் அரையாண்டு விடுமுறை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று மறுபடி கூட்டம்.

கொடைக்கானலில் கடை வைத்திருப்பவர்களுக்கும் முறை இதேதான். ஆனால் மழை, விடுமுறைக் குறிப்புகளை உங்கள் ஊர் அனுபவத்தில் எழுதுங்கள், என் தாளைப் பார்த்து எழுத வேண்டாம்.

இன்னொரு குறிப்பையும் தாளில் சேருங்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பு வைத்தார்கள். கொடைக்கானலுக்கு அது 4,000, 6,000. மலை தாங்கும் அளவுக்கு மேல் வண்டிகள் வரக் கூடாது என்று வைத்த வரம்பு அது, அவசியமானதும்தான். நம் திட்டத்துக்கு அதன் அர்த்தம் ஒன்று: 'இந்த சீசனில் கூட்டம் இரண்டு மடங்கு வரும்' என்று நம்பி இலக்கு வைக்கக் கூடாது. எத்தனை பேர் வருகிறார்கள் என்பது நம் கையில் இல்லை. வந்தவரிடம் எப்படி நடந்துகொள்கிறோம், அவர் எவ்வளவு வாங்கிப் போகிறார், ஊருக்குப் போன பிறகும் நம்மை நினைக்கிறாரா என்பதெல்லாம் ஓரளவு நம் கையில்.

கடை மூச்சு விட எவ்வளவு வேண்டும்?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள். விற்றாலும் விற்காவிட்டாலும் மாதாமாதம் போகிற பணத்தை எழுதுங்கள். உதாரணத்துக்கு ஒரு சின்னக் கடையை எடுத்துக்கொள்வோம். வாடகை 9,000. உதவிக்கு ஒருவர், சம்பளம் 12,000. கரண்ட், தண்ணீர், சில்லறைச் செலவு 2,500. கடன் தவணை 5,500. உங்கள் வீட்டுக்கு 16,000. மொத்தம் 45,000 ரூபாய்.

வீட்டுக்கு எடுப்பதை ஏன் சேர்த்தேன் என்று கேட்கலாம். அதை எழுதாமல் விட்டால் கடை லாபத்தில் ஓடுவதுபோலத் தெரியும், வீட்டில் மட்டும் எப்போதும் பணம் இருக்காது.

நூறு ரூபாய்க்கு விற்றால் சரக்கு விலை போக 30 ரூபாய் நிற்கிறது என்று வைப்போம். 45,000 வேண்டுமானால் மாதம் 1,50,000 ரூபாய்க்கு விற்க வேண்டும். வருடத்துக்கு 18 லட்சம். இது லாபத்துக்கான இலக்கு இல்லை, கடை மூச்சு விடுவதற்கான அளவு. இதைப் பன்னிரண்டால் வகுக்காமல், நாம் போட்ட தாளின்படி பிரிப்போம்.

ஏப்ரல், மே இரண்டும் தலா 3,20,000. செப்டம்பர், அக்டோபர் தலா 1,80,000. டிசம்பர் 1,80,000. ஜனவரி 1,60,000. இந்த ஆறு மாதத்திலேயே 13,40,000 வந்துவிடும். மீதி 4,60,000 ரூபாயை பிப்ரவரி, மார்ச், ஜூன், ஜூலை, ஆகஸ்ட், நவம்பர் ஆகிய ஆறு மாதங்கள் பங்கு போட்டுக்கொள்ளும். மாதம் சுமார் 76,700.

இப்போது கவனியுங்கள். அந்த மெலிந்த மாதங்களில் சரக்கு விலை போகக் கையில் நிற்பது 23,000. செலவு 45,000. ஒவ்வொரு மாதமும் 22,000 ரூபாய் துண்டு விழும். ஏப்ரல், மே மாதங்களில் மாதம் 96,000 நிற்கும், செலவு போக 51,000 மிச்சம். செப்டம்பர், அக்டோபர், டிசம்பரில் மாதம் 9,000 மிச்சம், ஜனவரியில் 3,000.

ஜனவரியிலிருந்து வரிசையாகக் கூட்டிக்கொண்டே வாருங்கள். ஜனவரியில் 3,000 கையில் நிற்கும். பிப்ரவரியும் மார்ச்சும் சேர்ந்து 44,000 விழுங்கும். ஆக மார்ச் 31 அன்று 41,000 ரூபாய் பள்ளம். ஏப்ரல், மே மிச்சம் 1,02,000 வந்து பள்ளத்தை அடைத்து 61,000 நிற்கும். மழை மாதங்கள் மூன்றும் 66,000 கேட்கும். ஆகஸ்ட் முடிவில் 5,000 குறையும். இரண்டாவது சீசன் அதை அடைத்து 13,000 கையில் தரும், நவம்பர் அதையும் எடுத்து 9,000 பள்ளம் வைக்கும், டிசம்பர் அதை மூடும்.

மொத்த வருடத்தில் இந்தக் கடைக்கு நஷ்டம் ஒரு ரூபாய்கூட இல்லை. ஆனாலும் மார்ச்சில் 41,000 கையில் இல்லையென்றால் தண்டல்காரரிடம் போக வேண்டியிருக்கும், அந்த வட்டி வந்து எல்லாக் கணக்கையும் கெடுக்கும். மலையில் கடைகள் மூடுவதை நான் பார்த்தவரை, வியாபாரம் இல்லாமல் மூடியதைவிட மாதம் தெரியாமல் மூடியதுதான் அதிகம். உங்கள் எண்கள் வேறாக இருக்கும். அவற்றை வைத்து இதே கூட்டலைப் போட்டு, எந்த மாதத்தில் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். ஜனவரியில் அந்த ஆழத்துக்குப் பணம் கையிருப்பு இருக்கிறதா என்பதுதான் உங்கள் முதல் கேள்வி.

மூன்று இலக்குகள் போதும்

பத்து இலக்கு எழுதுபவர்கள் பிப்ரவரியில் பத்தையும் விடுவார்கள். மூன்று போதும். பணத்துக்கு ஒன்று, வாடிக்கையாளருக்கு ஒன்று, கடையை ஒழுங்குபடுத்த ஒன்று.

பணத்துக்கான இலக்கு மேலே போட்ட கூட்டலிலேயே இருக்கிறது: மே 31 அன்று மழைக்கான 61,000 ரூபாய் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். கல்லாவோடு சேராத, ஜிபே இணைக்காத ஒரு வங்கிக் கணக்கு. நான் அதை ஆடிக் கணக்கு என்றுதான் சொல்வேன். சீசனில் வாரம் ஒரு முறை, திங்கட்கிழமை காலை, கடை திறக்கும் முன் போட்டுவிட வேண்டும். மாதக் கடைசியில் போடலாம் என்று விட்டால் அதற்குள் புது ஷெல்ஃபோ, உறவினர் கல்யாணமோ வந்துவிடும். அந்த அக்கா தன் மகளிர் குழுவில் மே மாதம் மட்டும் சேமிப்பைக் கூட்டிக் கட்டுவார், அதுவும் நல்ல வழிதான்.

இரண்டாவது இலக்கு, ஆகஸ்ட்டில் குறையும் அந்த 5,000 ரூபாயை அடைப்பது. இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம், ஏனென்றால் பெரிய ஆசையைத் தினசரி வேலையாக மாற்றுவது எப்படி என்பது இதில் தெரியும். மழை மாதத்தில் ஆள் மலைக்கு வரவில்லை என்றால் சரக்கு கீழே போக வேண்டும். வர்க்கியும் தேயிலைத்தூளும் சேர்த்து 500 ரூபாய் பார்சல், கூரியர் செலவு வாங்குபவருடையது. ஒரு பார்சலில் 150 ரூபாய் நிற்கும், பெட்டிக்கு 20 போனால் 130. மாதம் 15 பார்சல் என்றால் மூன்று மாதத்தில் 45 பார்சல், 5,850 ரூபாய். பள்ளம் மூடியது.

45 பார்சலுக்கு எத்தனை பேரைத் தெரிந்திருக்க வேண்டும்? பத்துப் பேரிடம் சொன்னால் ஒருவர் வாங்குவார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 450 பேருடைய எண்கள் வேண்டும். ஏப்ரல், மே இரண்டு மாதம், 60 நாள். நாளுக்கு எட்டுப் பேர். இதுதான் உங்கள் இலக்கு! 'ஆன்லைன் வியாபாரத்தைப் பெருக்குவேன்' என்று எழுதாமல், 'சீசனில் தினம் எட்டுப் பேரிடம் எண் வாங்குவேன்' என்று எழுதுங்கள். ராத்திரி கடை அடைக்கும்போது நோட்டைப் பார்த்தால் நடந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும்.

கேட்கும் விதம் முக்கியம். பில் போட்ட பிறகு, "மழைக் காலத்துல வர்க்கி சூடா போட்டதும் அனுப்பட்டுமா? எண் எழுதிக் குடுங்க" என்று நோட்டையும் பேனாவையும் நீட்டுங்கள். விருப்பம் இருப்பவர் எழுதுவார். எழுதாதவரை வற்புறுத்த வேண்டாம். எழுதியவருக்கும் மாதம் ஒரு செய்திக்கு மேல் அனுப்ப வேண்டாம், தினமும் குட்மார்னிங் அனுப்பினால் பிளாக் செய்துவிடுவார்கள்.

சரக்கிலும் ஒரு எச்சரிக்கை. மழை ஈரத்தில் வர்க்கி ஒரே நாளில் நமுத்துப் போகும். போட்ட அன்றே காற்றுப் போகாமல் கட்டி, பெட்டியில் இடைவெளி இல்லாமல் தாளை நிரப்ப வேண்டும், இல்லையென்றால் போய்ச் சேரும்போது தூளாக இருக்கும். ஜனவரியிலேயே இரண்டு பெட்டியை ஊரில் இருக்கும் சொந்தக்காரருக்கு அனுப்பி, எப்படி வந்தது என்று போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். முதல் பெட்டி நொறுங்கித்தான் போகும், அது ஜனவரியில் நொறுங்கட்டும்.

மூன்றாவது இலக்கு உங்கள் கடையைப் பொறுத்தது. பாக்கி நோட்டு பெருத்திருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே உள்ளூர் வாடிக்கையாளரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சுற்றுலாப் பயணி ஒரு முறை வருவார், பக்கத்து ஊர்க்காரர் வருடம் முழுக்க வருவார். அவர் கையில் காசு புழங்குவது பசுந்தேயிலை விலையைப் பொறுத்தது. கிலோவுக்கு என்ன விலை கிடைத்தது, ஃபேக்டரியிலிருந்து பணம் என்றைக்கு வரும் என்பதைச் சிறு விவசாயிகளிடம் விசாரித்துத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். உறைபனியில் தேயிலைச் செடி கருகிய வருடத்தில் பிப்ரவரி பாக்கி ஏறத்தான் செய்யும். அப்போது கறாராக நின்றால் மனிதரை இழப்போம், கணக்கில்லாமல் கொடுத்தால் கடையை இழப்போம். ஒரு வீட்டுக்கு இவ்வளவுதான் பாக்கி என்று ஜனவரியிலேயே ஒரு வரம்பு வைத்து, எல்லோருக்கும் ஒரே மாதிரி நடந்துகொள்ளுங்கள். வரம்பு முன்பே தெரிந்தால் யாருக்கும் மனஸ்தாபம் வராது.

காகித வேலைகள்

இவற்றை பிப்ரவரியில் முடித்துவிடுங்கள், சீசனில் நேரம் கிடைக்காது. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுக்கு அரசுத் தளத்தில் கட்டணம் கிடையாது, ஆதாரும் பான் கார்டும் வைத்து நீங்களே செய்யலாம். யாராவது ஆயிரம், இரண்டாயிரம் கேட்டால் கொடுக்காதீர்கள். தின்பண்டம் விற்றால், விற்பனை அளவைப் பொறுத்து எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவோ உரிமமோ வேண்டும். மாநிலத்துக்குள்ளேயே பொருள் விற்பனை மட்டும் என்றால் வருடம் 40 லட்சம், சேவை என்றால் 20 லட்சம் தாண்டும்போது ஜிஎஸ்டி பதிவு வரும். நகராட்சி உரிமம் எப்போது முடிகிறது என்று தேதியைப் பாருங்கள். மலையில் பிளாஸ்டிக் கட்டுப்பாடு கடுமை. காகிதப் பை, துணிப்பை விலையை ஆரம்பத்திலேயே செலவுக் கணக்கில் சேர்த்துவிடுங்கள், அபராதத்துக்குப் பிறகு சேர்க்க வேண்டாம்.

மண் சரிந்தால்?

நவம்பரில் பத்து நாள் விற்பனை சுத்தமாக இருக்காது என்று இப்போதே எழுதி வையுங்கள். அப்படி நடக்காவிட்டால் சந்தோஷம். அக்டோபர் கடைசியில் மேட்டுப்பாளையத்திலிருந்து வரவேண்டிய சரக்கில் கெடாததை இரண்டு வாரத்துக்கு இருப்பு வைத்துக்கொள்ளலாம், கெடக்கூடியதைக் குறைக்க வேண்டும். கூரியரும் அந்த நாட்களில் நிற்கும். அதனால் தீபாவளிப் பார்சல் ஆர்டர்களைத் தேதி ஒட்டி வாங்காமல் பத்து நாள் முன்பே முடித்துவிடுவது நல்லது. உதவியாளருக்கு அந்தப் பத்து நாளும் சம்பளம் உண்டு என்பதையும் கணக்கில் வையுங்கள், ரோடு மூடியது அவர் தப்பில்லை.

எப்போது திரும்பிப் பார்ப்பது?

மாதாமாதம் இலக்கைப் பார்த்து வருத்தப்படுவதில் பயன் இல்லை. வருடத்தில் நான்கு நாள் ஒதுக்குங்கள்: மார்ச் இரண்டாவது வாரம், ஜூன் கடைசி, ஆகஸ்ட் கடைசி, நவம்பரில் ஒரு மழை நாள். மார்ச்சில் பார்க்க வேண்டியது கையிருப்பு. நினைத்ததைவிடப் பள்ளம் ஆழமாக இருந்தால் சீசன் சரக்கைக் கடனுக்கு வாங்குவதைக் குறைத்து, வேகமாக விற்பதை மட்டும் இறக்குங்கள். ஜூனில் பார்க்க வேண்டியது ஆடிக் கணக்கும் எண் நோட்டும். 450-க்கு 200 எண்தான் சேர்ந்திருந்தால், மாதம் 15 பார்சலை ஏழாகக் குறைத்து எழுதி, மீதிக்கு எந்தச் செலவைத் தள்ளிப்போடலாம் என்று பாருங்கள். இலக்கைக் குறைப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை, பார்க்காமலே இருப்பதுதான் ஆபத்து. ஆகஸ்ட்டில் இரண்டாவது சீசனுக்கு எவ்வளவு சரக்கு என்று முடிவு செய்யலாம். நவம்பர் மழை நாளில் அடுத்த வருடத்துக்கான தாளைத் தொடங்கிவிடலாம், கடையில் ஆளும் இருக்காது.

சித்திரை ஒன்றில் புதுக்கணக்கு போடும் வழக்கம் உள்ள வீடுகள் உண்டு. நல்ல வழக்கம், விடவேண்டாம். ஆனால் அன்றைக்கு சீசன் தொடங்கிவிட்டிருக்கும், யோசிக்க நேரம் இருக்காது. யோசனையை ஜனவரியில் முடித்துவிட்டு, பூஜையை அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி வேலை சின்னது. மூன்று இலக்கையும் நான்கு தேதியையும் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, கல்லா மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள். சுவரில் ஒட்டினால் ஒரு வாரத்தில் கண்ணுக்குப் பழகிவிடும். கல்லாவைத் திறந்து பணம் எடுக்கப் போகும்போது படித்தால்தான், அது யாருடைய பணம், மே மாதத்துடையதா ஆடி மாதத்துடையதா என்று கை ஒரு நிமிடம் நிற்கும்.